பழங்காசுகள் கூறும் வரலாறு



"நாணயம்" என்ற சொல்லுக்கு நமது தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. கையில் புழங்கும் காசையும் நாணயம் என்கிறோம். சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவரையும் நாணயமானவர் என்கிறோம். இந்த இரண்டு பொருள்களும் எவ்வளவு நெருக்கமானவை என்பதை அறிய விரும்பினால், இஸ்லாமிய ஆட்சியாளர்கள் வெளியிட்ட பழங்காசுகளைச் சற்று உற்று நோக்க வேண்டும்.

ஒரு மன்னரைப் பற்றிப் புத்தகங்கள் கூடவும் எழுதலாம், குறைத்தும் எழுதலாம். அவரது நண்பர் எழுதினால் ஒரு விதம், எதிரி எழுதினால் இன்னொரு விதம். பிரதி எடுப்பவரின் கையில் பெயர்கள் மாறுவதும் உண்டு. ஆனால், ஒரு காசு அந்த மன்னரின் சொந்த நாணயச் சாலையில், அந்த ஆண்டிலேயே, அவரது உத்தரவின்படி அச்சிடப்பட்டது. அதில் ஊரின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், ஆட்சியாளரின் பட்டங்கள் இருக்கும். உலோகத்தின் தரத்தைப் பார்த்தால் அவரது நேர்மையும் தெரிந்துவிடும். உலகெங்கும் பலர் இக்காசுகளைத் தேடிச் சேகரிப்பதற்கும், பல்கலைக்கழகங்கள் இவற்றை ஆராய்வதற்கும் காரணம் இதுதான்.

"நமது வரலாற்றில் கலீபாக்களும் ஸுல்தான்களும் மட்டும்தானா இருந்தார்கள்? பெண்கள் எங்கே?" என்று உங்கள் மகள் என்றாவது உங்களிடம் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கும் இப்பழங்காசுகளில் பதில் இருக்கிறது. அதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம். முதலில் இக்காசுகள் எவ்வாறு தோன்றின என்பதைப் பார்ப்போம்.

கலிமா பொறித்த முதல் காசு

தீனார், திர்ஹம் ஆகிய இரண்டு பெயர்களும் அல்குர்ஆனில் இடம்பெற்றுள்ளன. தீனார் ஆல இம்ரான் ஸூராவிலும், திர்ஹம் யூஸுப் ஸூராவிலும் வருகின்றன. குகைவாசிகள் உணவு வாங்கிவரத் தம்மில் ஒருவரை வெள்ளிக்காசு கொடுத்து அனுப்பிய வரலாற்றை அல்கஹ்ஃப் ஸூராவில் ஓதியிருப்பீர்கள்.

எனினும், நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அறபு மக்களுக்கென்று சொந்த நாணயம் இருக்கவில்லை. பொற்காசுகள் உரோமர்களின் பைஸாந்திய அரசிலிருந்து வந்தன. அவற்றில் மன்னரின் உருவமும் சிலுவையும் இருந்தன. வெள்ளிக்காசுகள் பாரசீகத்திலிருந்து வந்தன. அவற்றின் ஒரு பக்கத்தில் கிரீடம் அணிந்த மன்னரும், மறுபக்கத்தில் நெருப்புப் பீடமும் இருந்தன. பாரசீகம் முஸ்லிம்களின் கைக்கு வந்த பின்னரும் அதே அச்சுகள் தொடர்ந்து பயன்பட்டன. கலீபா உஸ்மான் (ரலி) அவர்களது ஆட்சியின் பிற்பகுதியிலிருந்து, இவ்வெள்ளிக் காசுகளின் ஓரத்தில் "பிஸ்மில்லாஹ்" என்ற வாசகம் இடம்பெறலாயிற்று. மன்னர் குஸ்ரூவின் உருவத்துக்கு அருகே பிஸ்மில்லாஹ் பொறித்த இக்காசுகளை இன்றும் நூதனசாலைகளில் காணலாம்.

இந்நிலையை முற்றாக மாற்றியவர் உமையா கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வான். அவரும் ஒரே நாளில் இதனைச் செய்துவிடவில்லை. முதலில் உரோமக் காசின் சிலுவையை வெறும் கம்பமாக மாற்றினார். அடுத்து, வாள் தரித்து நிற்கும் கலீபாவின் உருவத்துடன் ஒரு தீனாரை வெளியிட்டார். அதுவும் அவருக்குத் திருப்தியளிக்கவில்லை போலும். ஹிஜ்ரி 77ஆம் ஆண்டில் (கி.பி. 696-97) உருவங்கள் யாவும் நீக்கப்பட்டன. எழுத்துக்கள் மட்டுமே கொண்ட தீனார் வெளிவந்தது. அடுத்த ஈராண்டுக்குள் திர்ஹமும் அவ்வாறே மாறியது.

அந்த முதல் தீனாரின் ஒரு பக்கத்தில் அல்லாஹ் ஒருவனே என்றும், அவனுக்கு இணை இல்லை என்றும் கூறும் கலிமா வாசகம். அதைச் சுற்றி ரஸூல் (ஸல்) அவர்களின் தூதுத்துவத்தைக் கூறும் வாசகம். மறுபக்கத்தில் ஸூரத்துல் இக்லாஸின் வாசகங்கள். அதைச் சுற்றி, பிஸ்மில்லாஹ்வுடன் தொடங்கி, இந்தத் தீனார் எந்த ஆண்டில் அச்சிடப்பட்டது என்ற விபரம். அவ்வளவுதான். பரந்து விரிந்திருந்த ஓர் ஆட்சியின் தலைவரது பெயர் அக்காசில் எங்குமே இல்லை! காசில் கலீபாவின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் அப்பாஸியர் காலத்தில்தான் வந்து சேர்ந்தது.

திருமறை வாசகம் உள்ள காசை வுழூ இல்லாமல் தொடலாமா என்ற ஐயம் உங்களுக்கு எழக்கூடும். அன்றைய மக்களுக்கும் எழுந்தது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது "மின்ஹாஜுத் தாலிபீன்" கிதாபில், அல்குர்ஆன் வாசகம் பொறித்த தீனார்களைச் சுமப்பது ஆகும் என்பதையே மிகச் சரியான கருத்தாகக் கூறியுள்ளார்கள். அன்றாட வாழ்வின் தேவையை நமது ஷாபிஈ மத்ஹபின் அறிஞர்கள் எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தார்கள் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

எடையும் ஓர் அமானிதம்

அப்துல் மலிக்கின் தீனார் 4.25 கிராம் எடையுள்ளது. திர்ஹமின் எடை 2.975 கிராம் எனக் கணிக்கப்படுகிறது. ஏழு தீனார்களின் எடை பத்துத் திர்ஹம்களின் எடைக்குச் சமம் என்பது கணக்கு.

இக்கணக்கு உங்கள் வீட்டு அலுமாரி வரை வருகிறது, சகோதரிகளே! தங்கத்தின் ஸகாத்துக்குரிய நிஸாப் இருபது தீனார். அதனை 4.25 ஆல் பெருக்கினால் 85 கிராம். வெள்ளியின் நிஸாப் இருநூறு திர்ஹம். அது 595 கிராம். இன்று பல அறிஞர்கள் கூறும் இந்த அளவுகளுக்கு, நூதனசாலைகளில் உள்ள பழைய தீனார்களை நிறுத்துப் பார்த்ததும் ஓர் ஆதாரமாக அமைந்தது. 8 கிராம் கொண்ட பவுண் கணக்கில் பார்த்தால், 85 கிராம் என்பது பத்தரைப் பவுணுக்குச் சற்றுக் கூடுதலாகும்.

இந்த எடையைக் காப்பாற்றுவதற்கு அக்கால அரசுகள் பெரும் அக்கறை எடுத்தன. எகிப்தில் காசை நிறுப்பதற்குக் கண்ணாடியால் ஆன படிக்கற்களைச் செய்தார்கள். உலோகப் படிக்கல்லைச் சுரண்டலாம், தேய்க்கலாம். கண்ணாடியைச் சுரண்டினால் உடனே தெரிந்துவிடும். அதில் பொறுப்பான அதிகாரியின் பெயரும் முத்திரையிடப்பட்டது. எடையில் தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பச்சை நிறத்தில் பொத்தான் போலக் காணப்படும் இக்கண்ணாடிப் படிக்கற்களையும் இன்று பலர் விரும்பிச் சேகரிக்கிறார்கள்.

கடல் கடந்து சென்ற தீனார்

நம்பிக்கைக்குரிய காசுக்கு எல்லை கிடையாது. இங்கிலாந்தின் மெர்சியா பகுதியை ஆண்ட ஒஃபா என்ற கிறிஸ்தவ மன்னர், 8ஆம் நூற்றாண்டில் ஒரு பொற்காசு வெளியிட்டார். அது அப்பாஸிய கலீபா மன்ஸூர் காலத்தில், ஹிஜ்ரி 157இல் (கி.பி. 774) வெளியான தீனாரின் பிரதி! கலிமா வாசகங்களின் நடுவே, "மன்னர் ஒஃபா" என்று இலத்தீனில் தலைகீழாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அச்சைச் செதுக்கியவருக்கு அறபு எழுத்தின் மேல் எது, கீழ் எது என்றுகூடத் தெரியவில்லை. ஆனால், பக்தாத் கலீபாவின் காசைப் போல் இருந்தால் எங்கும் செல்லுபடியாகும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. இக்காசு இன்று லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது.

வெள்ளித் திர்ஹம்கள் இன்னும் தொலைவுக்குச் சென்றன. 1999ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் கொட்லண்ட் தீவில், ஒரு பண்ணை நிலத்தில் 67 கிலோகிராம் வெள்ளிப் புதையல் கிடைத்தது. அதில் 14 ஆயிரத்துக்கும் அதிகமான காசுகள் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை முஸ்லிம் நாடுகளின் திர்ஹம்கள். ரஷ்ய ஆறுகளின் வழியாக மென்மயிரும் அடிமைகளும் விற்று, வட ஐரோப்பிய வணிகர்கள் சேர்த்த செல்வம் அது.

காசுகளில் மிக அரிதான ஒன்றைப் பற்றியும் கூற வேண்டும். ஹிஜ்ரி 105இல் (கி.பி. 723) வெளியான ஓர் உமையாத் தீனாரில், "ஹிஜாஸிலுள்ள அமீருல் முஃமினீனின் சுரங்கம்" என்ற வாசகம் காணப்படுகிறது. மக்கா, மதீனா அமைந்துள்ள புனித பூமியான ஹிஜாஸின் பெயர் தாங்கிய காசு இது. இவ்வகைத் தீனார் ஒன்று 2011இலும், மற்றொன்று 2019இலும் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. ஒவ்வொன்றும் 37 இலட்சம் ஸ்டெர்லிங் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. நான்கேகால் கிராம் தங்கத்துக்கு இவ்வளவு விலையா என்று வியக்கிறீர்களா? விலை தங்கத்துக்கன்று, அதிலுள்ள எழுத்துக்கே!

நாணயம் கெட்டபோது

நல்ல காசு ஆட்சியாளரின் நேர்மைக்குச் சாட்சி சொல்வது போலவே, கெட்ட காசு அவரது தவறுக்கும் சாட்சி சொல்கிறது.

டில்லி ஸுல்தான் முஹம்மத் பின் துக்ளக் 1329-30இல் ஒரு புதுமை செய்தார். பித்தளையாலும் செம்பாலும் காசடித்து, அவற்றை வெள்ளித் தங்காவுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என உத்தரவிட்டார். ஸுல்தானுக்குக் கட்டுப்படுமாறு வலியுறுத்தும் வாசகங்களையும் அக்காசிலேயே பொறித்தார். ஆனால், செம்பும் பித்தளையும் எல்லா வீடுகளிலும் இருந்தன. வீடுகளிலேயே கள்ளக்காசு அடிக்கத் தொடங்கினர். வணிகர்கள் அக்காசை வாங்க மறுத்தனர். சுமார் மூன்று ஆண்டுகளில் ஸுல்தான் தமது திட்டத்தைக் கைவிட்டு, பித்தளைக் காசைக் கொண்டுவந்தவர்களுக்கு உண்மையான வெள்ளியைக் கொடுக்க நேர்ந்தது. கஜானா காலியாயிற்று.

எகிப்திலும் இது போன்ற துயரம் நேர்ந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே செம்புக் காசுகள் அளவின்றி அச்சிடப்பட்டன. வெள்ளித் திர்ஹம் சந்தையிலிருந்து மறைந்தது. பின்னர் பஞ்சமும் வந்தது. கெய்ரோவில் சந்தைகளை மேற்பார்வை செய்யும் முஹ்தஸிப் பதவியை வகித்த வரலாற்றறிஞர் மக்ரீஸி, 1405இல் இது பற்றித் தனி நூலொன்றே எழுதினார். பஞ்சத்துக்கு நைல் நதியின் நீர் குறைந்ததை மட்டும் அவர் காரணமாகக் காட்டவில்லை. இலஞ்சம் கொடுத்துப் பதவிகளைப் பெறுவது, நிலக் குத்தகையை உயர்த்துவது, செம்புக் காசைப் பெருக்குவது ஆகிய மூன்றையும் காரணங்களாகக் கூறினார். அரிசி, மாவு விலை ஏற ஏற, கையிலுள்ள சல்லியை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் தாய்மாருக்கு மக்ரீஸி சொல்வதை விளக்கத் தேவையில்லை.

குத்பாவும் ஸிக்காவும்

இனி, நாம் முன்னர் சொன்ன கேள்விக்கு வருவோம்.

அக்கால முஸ்லிம் நாடுகளில் ஒருவர் ஆட்சியாளர் என்பதற்கு இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று, ஜும்ஆ குத்பாவில் அவருக்காகப் பெயர் கூறி துஆக் கேட்பது. மற்றது, "ஸிக்கா" எனப்படும் காசில் அவர் பெயரைப் பொறிப்பது. குத்பாவில் ஓதப்பட்ட பெயர் காற்றோடு போய்விடும். காசில் பதிந்த பெயர் நிலைத்து நிற்கும். பெண் ஆட்சித் தலைமை வகிப்பது பற்றிய மார்க்கச் சட்டம் இங்கு நமது பேசுபொருளன்று. அதனை ஆலிம்கள் விளக்குவார்கள். நடந்த வரலாற்றைக் காசுகள் எவ்வாறு பதிந்து வைத்துள்ளன என்பதை மட்டும் காண்போம்.

முதலில் டில்லி ஸுல்தானா ரஸியா. ஸுல்தான் இல்துத்மிஷின் மகள். 1236 முதல் 1240 வரை ஆட்சி செய்தார். இவரது தந்தை வெளியிட்ட வெள்ளித் தங்காவே, பிற்காலத்தில் ஷேர்ஷா அடித்த "ரூபியா"வுக்கு முன்னோடி. நாம் 1872 முதல் இந்நாட்டில் புழங்கிவரும் ரூபாவின் பெயர் அந்த ரூபியாவிலிருந்து வந்ததே. ரஸியாவின் காசுகளில் "ஜலாலத்துத் துன்யா வத்தீன்" என்ற பட்டத்தைக் காணலாம். இல்துத்மிஷின் மகள் என்ற விபரமும் அவற்றில் உண்டு. நீதியும் வீரமும் படைத்தவர் என்று அவரது காலத்து வரலாற்றாசிரியர் மின்ஹாஜுஸ் ஸிராஜ் அவரைப் பாராட்டுகிறார். ஆயினும், பிரபுக்களின் கிளர்ச்சியால் நான்கு ஆண்டுகளுக்குள் அவர் பதவியையும் உயிரையும் இழந்தார்.

அடுத்தவர் எகிப்தின் ஷஜரத்துத் துர். "முத்து மரம்" என்பது இப்பெயரின் பொருள். அடிமைப் பெண்ணாக அரண்மனைக்கு வந்து, ஸுல்தான் ஸாலிஹ் ஐயூபின் மனைவியானவர். 1249இல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி சிலுவைப் படையுடன் எகிப்துக்குள் நுழைந்த வேளையில் ஸுல்தான் மரணமானார். செய்தி வெளியானால் படை சிதறிவிடும். எனவே, ஷஜரத்துத் துர் அம்மையார் தமது துக்கத்தை உள்ளே அடக்கிக்கொண்டார். ஸுல்தான் நோயுற்றிருப்பதாக அறிவித்தார். அவரது கூடாரத்துக்கு வழமை போல் உணவு சென்றது. அவரது பெயரில் உத்தரவுகளும் வெளிவந்தன. இறுதியில் சிலுவைப் படை தோற்றது, மன்னர் லூயி சிறைப்பட்டார்.

அதன்பின் ஸுல்தானின் மகன் தூரான்ஷா கொல்லப்படவே, 1250 மே மாதத்தில் படைத்தலைவர்கள் அம்மையாரையே அரியணையில் அமர்த்தினர். அவர் பதவியேற்ற சில நாட்களிலேயே, எதிரிகள் பிடித்து வைத்திருந்த தமியாத் நகரம் திரும்பக் கிடைத்தது.

அவர் வெளியிட்ட தீனாரை வாசித்துப் பாருங்கள். "அல்முஸ்தஃஸிமிய்யா, அஸ்ஸாலிஹிய்யா, மலிகதுல் முஸ்லிமீன், வாலிததுல் மலிகில் மன்ஸூர் கலீல்." அதாவது, கலீபா முஸ்தஃஸிமுக்குக் கட்டுப்பட்டவர், ஸுல்தான் ஸாலிஹைச் சார்ந்தவர், முஸ்லிம்களின் அரசி, மன்ஸூர் கலீலின் தாய். ஷஜரத்துத் துர் என்ற அவரது பெயர் அதில் இல்லை. கலீல் என்ற அந்த மகனோ குழந்தைப் பருவத்திலேயே மறைந்துவிட்டவன். படை நடத்திய ஒரு பெண், தம்மை அரசி என்று கூறுவதற்கு ஒரு கலீபாவையும், ஒரு கணவரையும், இறந்துபோன ஒரு பிள்ளையையும் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது. அரியணையில் அவர் எவ்வளவு பாதுகாப்பின்றி அமர்ந்திருந்தார் என்பதை இச்சிறு காசு காட்டுவது போல வேறெதுவும் காட்டுவதில்லை.

அவர் அஞ்சியது போலவே நடந்தது. பக்தாத் கலீபா அவரது ஆட்சியை ஏற்க மறுத்தார். சுமார் எண்பது நாட்களில் அவர் பதவி விலகி, படைத்தலைவர் ஐபக்கை மணமுடித்தார். 1257இல் இருவரது வாழ்வும் கொலையில் முடிந்தது. அவர் தமக்காகக் கட்டிய அடக்கஸ்தலம் இன்றும் கெய்ரோவில் உள்ளது. அவரது தீனார்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. பிரித்தானிய நூதனசாலையில் ஒன்றைக் காணலாம்.

மூன்றாமவர் ஷீராஸ் நகரின் ஆபிஷ் காதூன். ஷெய்கு ஸஅதி அவர்களின் "குலிஸ்தான்" நூலை நமது மத்ரஸாக்களில் பலரும் அறிவர். அந்நூல் 1258இல் எழுதப்பட்டு, ஸஅத் என்ற இளவரசருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அந்த இளவரசரின் மகளே ஆபிஷ். சிறு வயதிலேயே ஆட்சி அவர் பெயருக்கு வந்தது. மங்கோலியர் மேலாதிக்கம் செலுத்திய காலம் அது. எனவே, அவரது காசுகளில் மங்கோலிய அரசரின் பெயரோடு "ஆபிஷ் பின்த் ஸஅத்" என்ற பெயரும் காணப்படுகிறது.

நான்காமவர் ஸாதி பேக். மங்கோலிய வம்சத்து முஸ்லிம் மன்னர் உல்ஜைதூவின் மகள். 1338இல் ஈரானில் அரசியாக்கப்பட்டார். "அஸ்ஸுல்தானா அல்ஆதிலா" (நீதி வழுவாத ஸுல்தானா) என்ற பட்டத்துடன் பல நகரங்களில் அவரது காசுகள் வெளிவந்தன. படைத்தலைவர்களின் கையில் சிக்கியிருந்த அவரது ஆட்சி ஓராண்டளவே நீடித்தது. புத்தகங்கள் ஓரிரு வரிகளில் கடந்து செல்லும் இப்பெண்மணியை நாம் அறிந்திருப்பதற்கு, அவரது காசுகளும் ஒரு முக்கிய காரணம்.

இதே காலத்தில் நமக்கு மிக அருகிலும் ஒரு ஸுல்தானா இருந்தார். இப்னு பதூதா 1343-44இல் மாலைதீவில் காழியாகப் பணியாற்றியபோது, அங்கு ஆட்சி செய்தவர் ஸுல்தானா கதீஜா. ஜும்ஆ குத்பாவில் அவர் பெயர் கூறப்பட்டதை இப்னு பதூதா எழுதி வைத்துள்ளார். ஆனால், அவரது பெயர் பொறித்த காசைத் தேட வேண்டாம். அங்கு காசாகப் புழங்கியவை கடலில் எடுத்த சோகிகள். சோகியில் பெயர் பொறிக்க முடியாது. இப்னு பதூதா எழுதியிராவிடில் அந்த ஸுல்தானாவைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகச் சொற்பமாகவே இருந்திருக்கும். பெயர் பொறித்த காசின் அருமை இதிலிருந்து விளங்கும்.

இலங்கையில் புழங்கிய வெள்ளிக் கம்பி

மாலைதீவிலிருந்து இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கும் வந்து, பாவாத மலையைத் தரிசித்தார். முஸ்லிம் நாடுகளோடு இந்நாட்டுக்கு இருந்த வணிக உறவு அதற்கும் முந்தியது. 1283இல் யாப்பகுவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு மன்னர், எகிப்து ஸுல்தான் கலாவூனிடம் தூதுக்குழுவொன்றை அனுப்பினார்.

பிற்காலத்தில் அவ்வுறவின் அடையாளமாக வந்த ஒரு காசு, சாமானிய மக்களின் கையிலும் புழங்கியது. அதுதான் "லாரி" என்ற வெள்ளிக் காசு. பாரசீகத்தின் லார் நகரின் பெயரால் இப்பெயர் வந்தது. வட்டமான காசுக்குப் பதிலாக, வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து அதன் மேல் எழுத்துக்களை அச்சிட்டார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து வணிகர்கள் கொண்டுவந்த இது, இலங்கையில் தூண்டிற் கொக்கி போல வளைக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்திலும் செல்லுபடியாயிற்று. பிள்ளைகளைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும்போது, நாணயப் பகுதியையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.

சேகரிக்க விரும்புவோருக்கு

இவற்றை வாசித்த பின், நாமும் சில காசுகளைச் சேகரித்தால் என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்கலாம். பழங்காசுகள் யாவும் இலட்சக்கணக்கில் விலையுள்ளவை அல்ல. சாதாரண செம்புக் காசுகளும், அதிகமாகக் கிடைக்கும் வாஸித் நகரத் திர்ஹம்களும் தீனாரைவிட எவ்வளவோ மலிவானவை. ஆயினும், சில விடயங்களைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது, வாசிக்கப் பழகுங்கள். இக்காசுகளில் ஆண்டு இலக்கத்தில் இருக்காது, அறபுச் சொற்களில் இருக்கும். முதலில் ஒன்றின் தானம், பின்னர் பத்தின் தானம், அதன் பின்னரே நூறு. பழைய கூஃபி எழுத்தில் புள்ளிகள் பெரும்பாலும் இரா. எனினும், அல்குர்ஆனை ஓதத் தெரிந்த நமது பிள்ளைகளுக்கு இது பிற நாட்டுச் சேகரிப்பாளர்களைவிட எளிதே. கலிமாவை அடையாளம் கண்டுவிட்டால் மற்ற எழுத்துக்களும் மெல்ல மெல்லப் பிடிபடும். ஒரு கொப்பியில் ஒவ்வொரு காசின் எடை, அகலம், ஊர், ஆண்டு, ஆட்சியாளர் பெயர் ஆகியவற்றை எழுதி வாருங்கள். கொப்பி நிறையும்போது பிள்ளைக்கு வரலாறும் பூகோளமும் தானாக வந்துவிடும்.

இரண்டாவது, காசைத் துலக்காதீர்கள். செம்புப் பாத்திரத்துக்குப் புளியும் சாம்பலும் போடுவது போலப் பழங்காசுக்கும் போட்டால் எழுத்துக்கள் தேய்ந்துவிடும். அதன் மேற்படிந்துள்ள கருமையும் பச்சையும் அதற்குக் காவல்.

மூன்றாவது, போலிகள் ஏராளம். வார்ப்பில் செய்த போலிக் காசில் சிறு குமிழித் துளைகளும், ஓரத்தில் ஒட்டுக் கோடும் தெரியலாம். எடை மாறுபடும். மிக மலிவாகத் "தீனார்" கிடைக்கிறது என்று யாராவது கூறினால் சற்று நிதானியுங்கள். தெரிந்தவர்களிடம் காட்டாமல் காசு கொடுக்க வேண்டாம்.

நான்காவது, நாட்டின் சட்டத்தைப் பேணுங்கள். இந்நாட்டு மண்ணில் பழம்பொருள் எதுவும் கிடைத்தால் அதனை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். அனுமதியின்றி அதனை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லவும் முடியாது. கிணறு வெட்டும்போது கிடைத்த காசு, கிடைத்த இடத்தோடு சேர்ந்துதான் வரலாறு கூறும். இரகசியமாகக் கைமாறினால் அதன் பாதி வாய் அடைபட்டுவிடும்.

ஐந்தாவது, சேகரிப்புக்கும் ஸகாத் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். பொன், வெள்ளிக் காசுகள் நிஸாபை அடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஆலிம்களிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் உம்மும்மாவின் நகைப் பெட்டியில், வளையம் வைத்து ஒட்டிய பழங்காசு ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். காசு மாலையிலோ அட்டியலிலோ கோத்ததாகவும் இருக்கலாம். மகளின் கலியாணத்துக்குப் புது நகை செய்யவென்று தட்டாரிடம் கொடுத்து உருக்குவதற்கு முன், அதிலுள்ள எழுத்தை ஒருமுறை யாரிடமாவது காட்டி வாசித்துவிடுங்கள். பழைய பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவை காலந்தோறும் உலையில்தான் அழிந்தன. உருகிய தங்கத்தின் எடை குறையாது. ஆனால், அதில் பதிந்திருந்த பெயரும் ஊரும் ஆண்டும் மீண்டும் ஒருபோதும் கிடைக்கமாட்டா. ஒரு படம் எடுத்து, எடையையும் எழுத்தையும் கொப்பியில் குறித்து வைத்தாலே, உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது ஒரு சொத்தாகும், இன்ஷா அல்லாஹ்.